ஹேசலம்மாவின் திருஷ்டிப் பூசணி

செப்டம்பர் 3, ஞாயிறு

என் பெயர் சோணமுத்து. இதை எழுதியது நான்தான்.

செப்டம்பர் 4, திங்கள்

நேற்று எழுதியதை இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். அழியாமல் அப்படியே இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயர் சோணமுத்து என்றே வந்தது.

செப்டம்பர் 6, புதன்

மழை. வெளியே வேலை இல்லை. அதனால் இன்று நிறைய எழுதப் போகிறேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. கமுதியில் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கினேன். சின்ன வயதிலேயே முதுகு வலுவாக இருந்ததால் என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை. கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டினேன். கனடாவுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கோட்டுப் போட்டவர்களும் விரலைத்தான் வைத்தார்கள். அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

என் மகள் சுந்தரவல்லி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் என்றால் ஒரு தபாலாபீஸ், ஒரு கடை, ஒரு சர்ச், இந்த ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் காடும் புல்வெளியும். கொஞ்ச தூரத்தில் கடல். ஊரின் பெயர் நீளமானது, இன்னும் எழுத வரவில்லை. வல்லி அடுத்த கோடை வரை இங்கேயே வேலை பார்த்தால் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைக்கும். பிறகு துபாயில் இருக்கும் மாப்பிள்ளை வந்து சேருவார்.

நான் ஜனவரியில் வந்தேன். பனி வாசற்கதவைப் பாதிக்கு மூடியிருந்தது. வெளியே போக முடியாது, பேச ஆள் கிடையாது. வல்லி ஊரிலிருந்து ஒரு அரிச்சுவடியை வரவழைத்து என்னை உட்காரவைத்தாள்.

"தமிழ் படிக்கக் கனடாவுக்கு வந்தது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்யா" என்பாள்.

எனக்கு 'ஞ' எழுதுவது ரொம்பப் பிடிக்கும். அது வருகிற சொற்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, சனி

இந்த ஊரில் ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி எனக்கு வணக்கம் சொல்கிறார். ஒரு விரல் வணக்கத்துக்கு ஒரு விரல் வணக்கம் போதாது என்று நான் ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். உடனே ஒருவர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கடையில் இறக்கிவிட்டார். கடை வாசலில் நின்று இன்னொருவரைக் கும்பிட்டேன். அவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நல்ல ஜனங்கள். இனி எங்கும் நடக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

நாங்கள் இருக்கும் வீடு ஹேசலம்மாவுடையது. ஹேசலம்மா பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாம். வல்லி கேட்டுச் சொன்னாள். நான் கேட்கச் சொல்லவில்லை.

அவளுக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. "மூட்டு" என்று கூப்பிடுகிறாள். எனக்கு இரண்டு மூட்டிலும் வலி இருப்பதால் பொருத்தமாகவே இருக்கிறது. அவள் இங்கிலீஷில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். ஒருநாளும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

இன்று காற்று என் எட்டு முழ வேட்டியைக் கொடியிலிருந்து பறித்துக்கொண்டு போய் அவளுடைய ஆப்பிள் மரத்தில் மாட்டிவிட்டது. சாயங்காலம் ஹேசலம்மா அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரத்தில் கிழிந்திருந்ததைத் தைத்தும் இருந்தாள். அந்த வேட்டியைக் கட்டினால் கசங்கிவிடும் என்று பெட்டியில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

வல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சமைக்க உட்கார்ந்தாள்.

"அய்யா, ஹேசல் எல்லாத்தையும் வித்துட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போகப் போறாங்களாம். அக்டோபர்ல வருசச் சந்தை முடிஞ்சதும் புரோக்கரு வர்றாராம்."

"எல்லாத்தையும்னா?"

"நம்ம இருக்குற வீடும் அதுலதான்யா."

"வேற வீடு பாத்துக்கிருவோம்த்தா."

"இந்த ஊர்ல வேற வீடு எங்கய்யா இருக்கு? டவுன்ல இருந்து வரலாம்னா பனி நேரத்துல ரோட்ட மூடிருவாங்க. வேலைய விட்டா பேப்பர் போச்சு. பேப்பர் போச்சுன்னா அவரு..."

வெங்காயம் நறுக்கியதால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராத்திரி குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். அதில் வெங்காயம் இல்லை.

செப்டம்பர் 16, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஹேசலம்மா ஏன் போகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

வல்லியிடம் விசாரித்தேன். போன வருடம் கணவர் வால்டர் தவறிவிட்டார். அடுத்த மாதமே புயலில் தொழுவத்தின் கூரை பறந்துவிட்டது. பசு சினை பிடிக்கவில்லை. ஹேசலம்மாவுக்கு இடுப்பு வலி. பிஸ்கட் என்று ஒரு நாய் இருக்கிறது, அதுவும் நொண்டுகிறது. ஒரு வீட்டில் மனுசி முதல் நாய் வரை அவதிப்படுகிறது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? திருஷ்டி.

நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த வல்லியிடம் சொன்னேன். "ஏத்தா, அந்தம்மாவுக்குக் கண்ணு பட்டிருக்கு."

"ஆமாய்யா" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

செப்டம்பர் 20, புதன்

இன்று ஒரு பெரிய ஆச்சரியம். ஹேசலம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது!

பிஸ்கட்டைத் தேடிக்கொண்டு அவள் வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு பூசணிக்காய். நம்மூர்ச் சாம்பல் பூசணி இல்லை, பரங்கி மாதிரி மஞ்சள் நிறம். பெரியது என்று எழுதினால் போதாது. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து என்னைத் தெரியாது. ஒரு எருமை கால் மடக்கிப் படுத்திருப்பது போல இருந்தது.

திருஷ்டிக்குத் தகுந்த காய்தானே வேண்டும்? எவ்வளவு பெரிய திருஷ்டி பட்டிருந்தால் இவ்வளவு பெரிய பூசணி வளர்த்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

செப்டம்பர் 23, சனி

மூன்று நாளாக வேலியோரம் நின்று பார்க்கிறேன். சந்தேகமே இல்லை.

காலையில் பூசணியிடம் போய் மெதுவாக ஏதோ சொல்கிறாள். மந்திரமாகத்தான் இருக்கும். நாடா வைத்துச் சுற்றளவு எடுக்கிறாள். வெயில் வந்தால் குடை பிடிக்கிறாள். சாயங்காலம் கம்பளி போர்த்துகிறாள். ரோட்டில் ஏதாவது வண்டி மெதுவாகப் போனால், நொண்டி நொண்டி ஓடி அவசரமாகக் கம்பளியால் மூடிவிடுகிறாள். வெளி ஆள் கண் படக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். கமுதியில்கூட இத்தனை பக்தியாகச் செய்கிறவர்கள் இல்லை.

செப்டம்பர் 30, சனி

மரங்களுக்கெல்லாம் ஏதோ நோய். இலை சிவப்பாகிக் கொட்டுகிறது. வல்லியிடம் பதறிச் சொன்னேன். வருடா வருடம் அப்படித்தானாம். பார்ப்பதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்களாம்.

இன்னொன்று. ஊரில் எல்லா வீட்டு வாசற்படியிலும் இப்போது பூசணிக்காய் வந்துவிட்டது. கடை வாசலில் இருந்த ஒன்றில் கண், மூக்கு, கோரைப் பல் எல்லாம் இருந்தன. நாம் பூசணியில் அரக்கன் முகத்தை வரைவோம். இவர்கள் கத்தியால் செதுக்கியே விடுகிறார்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டி, கட்டைவிரலைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். இவ்வளவு தூரம் விமானத்தில் வந்தும் நான் நம் ஆட்களிடம்தான் வந்திருக்கிறேன்.

அக்டோபர் 5, வியாழன்

வல்லி போனில் வீடு தேடுகிறாள். ஒரு வீடு காலியாக இருக்கிறதாம், ஆனால் அது படகாம்.

அக்டோபர் 10, செவ்வாய்

கமுதியிலிருந்து கொண்டுவந்த கிழிக்கிற காலண்டரைப் புரட்டினேன். வருகிற சனிக்கிழமை அமாவாசை. அதுவும் மகாளய அமாவாசை. திருஷ்டி கழிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஹேசலம்மாவும் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

ஆனால் ஒரு சிக்கல். பூசணியைப் பெண்கள் உடைக்கக் கூடாது. ஹேசலம்மா வீட்டில் ஆம்பளை இல்லை. யார் உடைப்பார்கள்?

அக்டோபர் 11, புதன்

நேற்றுக் கேட்ட கேள்விக்குப் பதில்: நான்.

இதை யோசித்திருக்கவே தேவையில்லை. மண்டியில் அமாவாசைக்கு அமாவாசை பூசணி உடைத்தது யார்? முதலாளி வேறு யாரையும் தொட விடமாட்டார். "சோணமுத்து உடைச்சாத்தான் செதறும்" என்பார். நான் உடைத்த மறுநாள் வத்தல் விலை ஏறாமல் இருந்ததில்லை. சில சமயம் இறங்கியும் இருக்கிறது, அதற்கு மழைதான் காரணம்.

ஹேசலம்மா தானாக வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கௌரவமானவள். வேட்டியின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தவளுக்கு நாமாகத்தான் செய்ய வேண்டும். திருஷ்டி கழிந்தால் இடுப்பு வலி போய்விடும். இடுப்பு வலி போனால் அவளும் போகமாட்டாள். அவள் போகாவிட்டால் வல்லிக்கு வீடு.

அக்டோபர் 13, வெள்ளி

இன்று சாயங்காலம் ஒருவர் டிராக்டரோடு வந்தார். பூசணியை ஒரு மரப்பலகை மேல் ஏற்றி, ரோட்டோரம், சரியாக முச்சந்தியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஹேசலம்மா அதற்குக் கம்பளி போர்த்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் பூசணியை முச்சந்திக்குக் கொண்டுவந்து வைத்தாயிற்று. இதற்கு மேலும் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

பெட்டியிலிருந்து சூடத்தை எடுத்து வைத்துவிட்டேன். குங்குமம் வல்லியுடையது. எலுமிச்சம்பழம் பிரிட்ஜில் இருக்கிறது. வல்லிக்கு இன்று நைட் டூட்டி. காலையில் வந்ததும் நல்ல செய்தி சொல்ல வேண்டும்.

அக்டோபர் 14, சனி, காலை

முடித்துவிட்டேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தோள் வலிக்கிறது, ஆனால் சந்தோஷமான வலி.

விடிந்ததும் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். கம்பளியை எடுத்து மடித்து வைத்தேன். பூசணியைக் கையில் தூக்கி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். இதைத் தூக்க முடியாது என்பதால், தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு நானே அதை மூன்று தடவை சுற்றிவந்தேன். சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னேன்.

"போறவன் கண்ணு, வர்றவன் கண்ணு, மெதுவா வண்டி ஓட்டுறவன் கண்ணு, அக்கா கண்ணு, புரோக்கர் கண்ணு, எல்லாக் கண்ணும் இதோட போகட்டும்!"

பிறகு விறகு பிளக்கும் கோடரியால் நடு உச்சியில் ஒன்று போட்டேன். உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. பிடுங்கி இன்னொன்று. நல்ல கனமான தோல். எத்தனை அடி என்று எண்ணவில்லை. கடைசியில் ஒரு சத்தம் கேட்டது, மண்டிக் கதவு சாத்துவது போல. இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பலகையிலிருந்து சரிந்து ரோட்டில் சிதறியது. கமுதி முதலாளி பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார். குங்குமத்தை அள்ளி உள்ளே பூசி, சில்லறைக் காசு போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வைத்தேன்.

அப்போது ஹேசலம்மா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தாள். பார்த்தாள். கோப்பை கை நழுவி விழுந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாரம் இறங்கினால் அப்படித்தான் உட்காரச் சொல்லும். மூட்டை இறக்கிவிட்டு நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

திருஷ்டி கழித்த பிறகு காலைக் கழுவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போக வேண்டும். அவள் எழுந்திருக்கவே இல்லை. அதனால் நான் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினேன். கம்பளிச் செருப்புப் போட்டிருந்தாள், நனைந்துவிட்டது. "மூட்டு, மூட்டு" என்று மட்டும் சொன்னாள். இப்படி ஒரு நன்றியை நான் பார்த்ததில்லை.

வல்லியின் கார் வருகிறது.

அக்டோபர் 14, சனி, மாலை

அது திருஷ்டிப் பூசணி இல்லையாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். 'ஞாயிறு' எழுதியும் சந்தோஷம் வரவில்லை.

வல்லி காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள். பூசணியைப் பார்த்தாள். கோடரியைப் பார்த்தாள். என் வேட்டியில் தெறித்திருந்த குங்குமத்தைப் பார்த்து, முதலில் ஹேசலம்மாவை நான் வெட்டிவிட்டேன் என்று நினைத்து அலறினாள். அப்படி இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்தாள். அந்த நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"என்னய்யா செஞ்சுட்டீங்க? அது போட்டிக்கு வளத்ததுய்யா!"

"என்ன போட்டி?"

"இன்னைக்குச் சந்தையில எட போட்டு, யாரு காய் பெருசோ அவங்களுக்குப் பரிசு. எட்டு மணிக்கு லாரி வருது."

"பெருசா இருந்தா? சாப்பிடவா?"

"யாரும் சாப்பிட மாட்டாங்க."

"சாமிக்குப் படைக்கவா?"

"இல்ல."

"பின்ன எதுக்குத்தா?"

"பெருசா இருக்கான்னு பாக்கத்தான்யா!"

அப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பிறகு வல்லி மெதுவாகச் சொன்னாள். வால்டர் காலமெல்லாம் இந்தப் போட்டிக்குப் பூசணி வளர்த்தாராம். எப்போதும் இரண்டாவது இடம்தானாம். அவர் எடுத்து வைத்திருந்த விதையில் ஹேசலம்மா வளர்த்ததுதான் இது. காலையில் அதனிடம் பேசியது மந்திரம் இல்லை. வால்டரிடம் பேசுகிற மாதிரி பேசுவாளாம். ஒரே ஒரு தடவை அவருக்காக ஜெயித்துவிட்டு, ஊரை விட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறாள்.

லாரி எட்டு மணிக்குச் சரியாக வந்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அக்டோபர் 16, திங்கள்

ஹேசலம்மா வீட்டில் திரைச்சீலை திறக்கவில்லை. பிஸ்கட்டும் வரவில்லை.

வல்லி என்னைத் திட்டவே இல்லை. அட்டைப் பெட்டிகள் வாங்கிவந்து பாத்திரங்களைச் சுற்றிவைக்க ஆரம்பித்திருக்கிறாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடைந்த பூசணியில் கொஞ்சம் அள்ளிவந்து புளிக்குழம்பு வைத்துப் பார்த்தேன். தண்ணீரைக் கடித்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

தப்புச் செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். வல்லி வேலைக்குப் போன பிறகு, தாம்பாளத்தில் ஆப்பிளும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ஹேசலம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. தமிழிலும் இதற்கு வார்த்தை போதாது. தாம்பாளத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

மூட்டு வலியால் மெதுவாக விழ முடியவில்லை. பொத்தென்று விழுந்தேன். ஹேசலம்மா ஒரு சத்தம் போட்டாள். ரோட்டுக்குக் கேட்டிருக்கும். மன்னித்தேன் என்று அவள் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று நான் அசையாமல் கிடந்தேன். அவள் என்னைப் புரட்டிப்போட்டு, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, கன்னத்தில் தட்டி, போனை எடுத்துக் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்குச் சுழல ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

என்னைப் படுக்கவைத்து வாரால் கட்டி, மூக்கில் குழாய் மாட்டினார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று தமிழில் சொன்னேன். நான் உளறுகிறேன் என்று இன்னும் வேகமாக ஓட்டினார்கள். ஹேசலம்மாவும் ஏறிக்கொண்டாள். வழி முழுவதும் என் கையைப் பிடித்திருந்தாள். அதனால் பாதி வழியில் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆம்புலன்ஸ் ஓட்டுபவரைக் குழப்பக் கூடாது அல்லவா?

ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து ஓடி வந்தது வல்லி.

"அய்யா! அய்யா! என்னய்யா செய்யுது?"

"ஒண்ணும் செய்யலத்தா. கால்ல விழுந்தேன்."

"விழுந்துட்டீங்களா? எங்க அடிபட்டுச்சு?"

"விழுந்துட்டேன்னு சொல்லல. கால்ல விழுந்தேன். மன்னிப்புக் கேக்க."

வல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்து உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் சிரித்தது, அதற்கப்புறம் இன்றுதான். சிரித்தபடியே ஹேசலம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னாள். திருஷ்டி, அமாவாசை, முச்சந்தி, கமுதி மண்டி, எல்லாம். நடுநடுவே "மூட்டு" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

ஹேசலம்மா சிரிக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வல்லி என்னிடம் திரும்பினாள்.

"இதெல்லாம் அவங்க இடுப்பு வலி போகணும்னுதான் செஞ்சீங்களான்னு கேக்குறாங்க."

"ஆமா."

ஹேசலம்மா என் கையைக் கீழே வைத்தாள். அதுவரை பிடித்திருந்தாள் என்பதை மறந்துவிட்டேன். எழுந்து, டாக்ஸிக்குப் போன் செய்து, போய்விட்டாள்.

அக்டோபர் 19, வியாழன்

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹேசலம்மா முச்சந்தியில் மண்டி போட்டு, அழுகத் தொடங்கிய பூசணிக்குள் கையை விட்டு விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். குளிர் காற்று. கிட்டே போகப் பயமாக இருந்தது. போனேன். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் வாளியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் பொறுக்கினோம். குங்குமம் ஒட்டியிருந்த விதைகளை அவள் தன் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் போட்டாள்.

அக்டோபர் 21, சனி

புரோக்கர் வந்தார். காரின் பின்பக்கம் விற்பனைப் பலகையும் சுத்தியலும் தெரிந்தன. ஹேசலம்மா அவரிடம் வாசலிலேயே நின்று பேசினாள். நானும் வல்லியும் எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றோம். வல்லி என் கையை இறுக்கிப் பிடித்ததில் என் விரல் வலித்தது.

புரோக்கர் பலகையை எடுக்காமலே காரில் ஏறிப் போனார்.

ஹேசலம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னையே பார்த்துப் பேசினாள். வல்லி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"வால்டராச்சும் ரெண்டாவதா வந்தாரு. நான் சந்தைக்கே போய்ச் சேரலைங்கிறாங்க. இப்ப அக்கா வீட்டுக்குப் போனா, பூசணிய ஒருத்தன் கோடாலியால வெட்டிட்டான், அதோட ஹேசல் ஊர விட்டே போயிட்டாங்கன்னு காலத்துக்கும் பேசுவாங்களாம். அப்படிப் போக மாட்டாங்களாம். அடுத்த வருசம் மறுபடி வளக்கப் போறாங்களாம். அதுவரைக்கும் வீடு விக்கல. நம்மளும் இருக்கலாம்ங்கிறாங்கய்யா."

ஹேசலம்மா விரலை நீட்டி இன்னொன்று சொன்னாள்.

"உங்களுக்குச் சாணி அள்ளத் தெரியுமான்னு கேக்குறாங்க. உரத்துக்குக் கடல் பாசி சுமக்கணும், குழி வெட்டணும், தண்ணி ஊத்தணுமாம். இடுப்பு வலி அப்படியேதான் இருக்காம், அதனால எல்லாம் நீங்கதானாம்."

தெரியும் என்று சொல்லச் சொன்னேன். சாணி அள்ளுவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் கனடாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வல்லி ஓடிப்போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். பிறகு அட்டைப் பெட்டியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சத்தம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

ஞாயிறு. ஞாயிறு. ஞாயிறு.

அக்டோபர் 24, செவ்வாய்

திருஷ்டி கழிந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹேசலம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வல்லி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

கழிந்துவிட்டது.

அக்டோபர் 31, செவ்வாய்

இன்று சின்னப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வந்து மிட்டாய் கேட்டார்கள். வாசற்படியில் ஹேசலம்மா சின்னதாக ஒரு பூசணியை வைத்திருந்தாள். நான் அந்தப் பக்கமாகப் போனபோது எழுந்துவந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நவம்பர் 4, சனி

இந்த வாரம் முழுவதும் வேலி வேலை. பூசணி போடப் போகிற இடத்தைச் சுற்றி, மார்பு உயரத்துக்குக் கம்பி வேலி. ஹேசலம்மா கயிறு பிடிக்க, நான் குழி தோண்டிக் கம்பு நட்டேன். கோடு பிசகாமல் வந்திருக்கிறது. இப்படி நேரான வேலியை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை.

மதியம் வல்லி டீ கொண்டுவந்தாள்.

"இந்த ஊர்ல ஆடு மாடு அவுத்து விடுற வழக்கம் இல்லையேத்தா. மான் வருதோ?" என்று கேட்டேன்.

"மானுக்கு இல்லய்யா."

"பின்ன யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ஹேசலம்மாவைப் பார்த்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன பேச்சு என்று தெரிந்திருந்தது. தலையை ஆட்டினாள். நான் யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான். அடுத்த கம்பை இன்னும் கொஞ்சம் ஆழமாக நட்டேன்.

சாயங்காலம் கதவு மாட்டி, பெரிய பூட்டாகப் போட்டாள். ஒரு சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னொரு சாவியை என் முகத்துக்கு நேராக ஆட்டி, இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினாள். ரொம்பக் கடுமையாகப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, அதை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதும்போது வயிற்றில் சில்லென்று படுகிறது.